கோல் அடிக்காத பையனை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? எங்கள் கிளப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் நாங்கள் நடத்துவது ஒரு சின்ன கால்பந்து கிளப். யாருக்கும் சம்பளம் கிடையாது. பந்து, பஸ் செலவு, ஆட்டம் முடிந்ததும் டீ, இதற்கே மாதாமாதம் கை பிசைகிறோம். நான் கிளப்பின் செயலாளர். காலையில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் நான்தான். ஒரு மாதமாக போனை எடுத்தாலே எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

முதலில், விஷயம்தான் என்ன?

எங்கள் ஃபார்வர்ட் ஒருவனுக்கு, அதாவது முன்வரிசையில் நின்று கோல் போட வேண்டியவனுக்கு, 18 வயது. பெயர் இங்கே வேண்டாம். போன சீசனில் எங்கள் அணியில் அதிக கோல் போட்டது அவன்தான். இந்த சீசனில் ஒன்பது ஆட்டம் ஆடிவிட்டான், ஒரே ஒரு கோல், அதுவும் பெனால்டி. போன மாதம் குடியாத்தம் பக்கத்து கிளப் ஒன்று ஆள் அனுப்பியது. "பையனை எங்களுக்குக் கொடுங்க, எங்க ஸ்டாப்பரை நீங்க எடுத்துக்குங்க" என்றார்கள். ஸ்டாப்பர் என்றால் பின்வரிசை நடுவில் நின்று எதிரணி ஃபார்வர்டைத் தடுப்பவர். அந்த ஸ்டாப்பருக்கு 29 வயது. தலைக்கு மேலே வரும் பந்தை அவரிடமிருந்து யாரும் எடுத்துவிட முடியாது. எங்கள் பின்வரிசையோ ஓட்டைப் பானை. கமிட்டியில் பாதிப் பேர் அன்றைக்கே கொடுத்துவிடலாம் என்றார்கள்.

கால்பந்தில் இப்படி ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது உண்டா?

உண்டு, ஆனால் அபூர்வம். அமெரிக்கக் கூடைப்பந்து, பேஸ்பால் லீக்குகளில் கிளப்புகள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, பெரும்பாலும் ஆட்டக்காரரைக் கேட்காமலே அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம். கால்பந்தில் அது நடக்காது. ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நகரும். அப்படிச் சம்மதத்தோடு நடந்த மாற்றங்கள் இருக்கின்றன. 2018 ஜனவரியில் ஆர்சனலின் அலெக்சிஸ் சான்செஸும் மான்செஸ்டர் யுனைடெட்டின் மிகிதர்யானும் இடம் மாறினார்கள். நம் நாட்டில் 2023-இல் சஹல் அப்துல் சமத் கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து மோகன் பகானுக்குப் போனார், அங்கிருந்து பிரீதம் கோட்டல் கேரளாவுக்கு வந்தார்.

எங்கள் கமிட்டி முதல் நாள் இரண்டு மணி நேரம் பேசியது. அந்த இரண்டு மணி நேரத்தில் "பையனைக் கேட்டீங்களா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

ஒன்பது ஆட்டத்தில் ஒரு கோல். இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

நிறைய பார்க்க வேண்டும். ஃபார்வர்டுக்கு கோல் வராததை எல்லோரும் ஒன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் மூன்று விதமாக கோல் வராமல் போகும். நல்ல இடத்தில் நிற்கிறான், பந்துதான் அவனுக்கு வருவதில்லை. அப்படியென்றால் கோளாறு நடுவரிசையில். பந்து வருகிறது, நல்ல இடத்துக்குப் போகிறான், அடிக்கிறான், கம்பத்தில் பட்டோ கோல்கீப்பர் கையில் பட்டோ திரும்புகிறது. இதற்குப் பதறவே வேண்டாம், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு உள்ளே போகும். மூன்றாவதுதான் கவலை: பந்து வரும் இடத்துக்கு அவன் போவதே இல்லை.

இரண்டு ஆட்டம் நான் கோல் போஸ்டுக்குப் பின்னால் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். பந்தைப் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தேன். நல்ல ஃபார்வர்ட் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்துவிடுவான்: எதிரணி ஸ்டாப்பர் எங்கே, காலி இடம் எங்கே என்று. போன வருஷம் இவன் குருவி மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பான். இந்த வருஷம் முதல் பாதியில் பதினொரு தடவை, இரண்டாம் பாதியில் மூன்று. ஒரு மணி நேரம் தாண்டியதும் இரண்டு கையும் முழங்காலில். பந்து கோட்டுக்கு வெளியே போகும்போதெல்லாம் குனிந்து மூச்சு வாங்குகிறான்.

இந்த ஊர் எடைதூக்கும் ஊர். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். எடைதூக்குபவன் எவ்வளவு முன்னேறினான் என்பது கம்பியில் மாட்டிய தட்டிலேயே தெரிந்துவிடும். கால்பந்தில் அந்த மாதிரி தட்டு கிடையாது. கோலைத்தான் தட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் நோட்டு எடுத்துக்கொண்டு உட்காரச் சொல்கிறேன்.

அப்போ அவனுக்கு என்னதான் ஆச்சு?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாக்ஸில் வெங்காயச் சருகு ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டையில் கொத்தமல்லி வாசனை. கழுத்துக்குக் கீழே, தோளில், சாக்கு உரசிச் சிவந்த தடம். "மார்க்கெட்டுக்குப் போறியா?" என்றேன். ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

அப்பாவுக்கு முதுகில் கோளாறு, ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. இவன் ராத்திரி 2 மணிக்கு நேதாஜி மார்க்கெட் போய் 5 மணி வரை லோடு இறக்குகிறான். 6 மணிக்கு மைதானம். 9 மணிக்குக் கல்லூரி. சாயங்காலம் ஒரு மணி நேரம், ராத்திரி மூன்று மணி நேரம், அவ்வளவுதான் தூக்கம். இந்த வயதில் எட்டு மணி நேரமாவது தூங்கினால்தான் உடம்பு தேறும், தசை ஆறும், கவனம் நிற்கும். தூக்கம் கெட்டால் முதலில் போவது கால் வேகம் அல்ல, தலையைத் திருப்பிப் பார்க்கும் அந்த விழிப்புதான்.

வாரத்துக்கு நான்கு நாள் அவனைப் பார்க்கிறோம். ஒருவரும் கேட்கவில்லை. மைதானத்தில் "சோம்பேறி" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் பையனுக்கு 14 வயது. போன வருஷம் நன்றாக ஆடினான், இந்த வருஷம் தடுக்கித் தடுக்கி விழுகிறான். அவனையும் நிறுத்திவிடலாமா?

வேண்டாம். 13, 14 வயதில் பையன்கள் மளமளவென்று வளர்கிறார்கள். கால் நீளமாகிவிடும், அந்தக் காலை எங்கே வைப்பது என்பது உடம்புக்குப் பழக மாதக் கணக்கில் ஆகும். பந்து பட்டுத் தெறிக்கும், ஓட்டம் கோணலாகும். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் துள்ளி ஓடும் பிள்ளைகளுக்கு அது சாதாரணமாக வருவதுதான், பெரும்பாலும் வளர்ச்சி நின்றதும் போய்விடும். ஷூ அளவையும் பாருங்கள். இரண்டு நம்பர் சின்ன ஷூவில் விரலை மடக்கிக்கொண்டு ஆடிய பையனை நான் பார்த்திருக்கிறேன்.

பிறந்த மாதத்தையும் பாருங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்கினால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி வித்தியாசம். டிசம்பர் பையன் திறமையில்லாதவன் இல்லை, சின்னவன்.

பெரிய கிளப்புகளே பொறுமையாக இருப்பதில்லையே, நாம் ஏன் இருக்க வேண்டும்?

இருந்ததும் உண்டு, இல்லாததும் உண்டு. கேரத் பேல் 2007-இல் இங்கிலாந்தின் டாட்டனம் கிளப்புக்கு வந்தார். அவர் ஆடிய முதல் 24 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட டாட்டனம் ஜெயிக்கவில்லை. 'ராசியில்லாதவன்' என்றே பேர் வந்துவிட்டது. கிளப் விடவில்லை. 2013-இல் ரியல் மாட்ரிட் அன்றைய உலக சாதனைத் தொகை கொடுத்து அவரை வாங்கியது. அதே டாட்டனம் ஹாரி கேனை லேட்டன் ஓரியன்ட், மில்வால், நாரிச், லெஸ்டர் என்று நான்கு கிளப்புக்கு லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலாக, அனுப்பியது. திரும்பி வந்தவர் 280 கோல் போட்டு, அந்த கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. டியேகோ ஃபோர்லான் 2002 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தார், முதல் கோலுக்கு செப்டம்பர் வரை காத்திருந்தார். 2004-இல் ஸ்பெயினின் வில்லாரியலுக்குப் போனார். போன முதல் சீசனிலேயே அந்த லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். 2010 உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். செல்சியில் டி புரூய்னாவுக்கும் சலாவுக்கும் இடமே கிடைக்கவில்லை. இருவரும் போனார்கள். சலா 2017-18 சீசனில் லிவர்பூலுக்காக லீக்கில் மட்டும் 32 கோல் அடித்தார்.

இந்தக் கதைகளை வைத்து 'விடக்கூடாது' என்று ஒருவர் சொல்லலாம், 'விட்டால்தான் நல்லது' என்று இன்னொருவர் சொல்லலாம். எனக்கு இதில் ஒன்றுதான் தெரிகிறது. பேல் டாட்டனமில் ஆடிக்கொண்டிருந்தார், அதனால் தேறினார். கேன் வெளியே போய் ஆடினார், அதனால் தேறினார். ஃபோர்லானுக்கும் சலாவுக்கும் போன இடத்தில் ஆட்டம் கிடைத்தது. தேறாமல் போனவர்களில் நிறையப் பேர் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆகவே வைத்துக்கொள்வதா, விடுவதா என்று கேட்பதற்கு முன்னால், அவனுக்கு எங்கே ஆட்டம் கிடைக்கும் என்று கேளுங்கள்.

அப்படியானால் எப்போது விடலாம்?

அவன் இடத்தில் உங்களிடம் அவனைவிட நல்லவர்கள் இரண்டு பேர் இருந்தால் விடுங்கள். உங்கள் கோச் ஆடவைக்கும் முறையில் அவன் திறமைக்கு இடமே இல்லையென்றால் விடுங்கள். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், முன்னேறி ஓடும் பையனை வருஷக் கணக்கில் பின்வரிசையில் பேக் ஆடவைத்துவிட்டு 'தேறவில்லை' என்று சொல்லக் கூடாது. தியரி ஹென்றியை யுவென்டஸில் ஓரத்தில் ஓடவிட்டார்கள். 1999-இல் ஆர்சனலுக்கு வந்த பிறகுதான் நடுவில் ஃபார்வர்டாக நிறுத்தினார்கள். அங்கே 228 கோல். அவனே போகிறேன் என்றால், கோபத்தில் சொல்கிறானா யோசித்துச் சொல்கிறானா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு, மனதார அனுப்புங்கள்.

தோல்விக்கு யாரையாவது கைகாட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் விடாதீர்கள். கமிட்டிக் கூட்டத்தில் நான் அதிகம் கேட்ட காரணம் அதுதான்.

லோனில் அனுப்பினால் இரண்டு பக்கமும் லாபம்தானே?

சரியாகச் செய்தால் லாபம். 'ஒரு சீசனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு மறந்துபோவது லோன் இல்லை, கைகழுவுவது. அனுப்புவதற்கு முன் அந்த கோச்சிடம் நேரில் பேசுங்கள்: எந்த இடத்தில் ஆடவைப்பார், இப்போது அந்த இடத்தில் யார் ஆடுகிறார், காயம்பட்டால் யார் பார்ப்பார். மாதம் ஒரு ஆட்டமாவது நேரில் போய்ப் பாருங்கள். ஐரோப்பாவில் சில கிளப்புகள் ஒரே சமயத்தில் முப்பது பேருக்கு மேல் லோனில் சுற்றவிட்டன. ஃபிஃபா அதற்குக் கடிவாளம் போட்டது. 2024-லிருந்து நாடு விட்டு நாடு லோனில் ஒரு கிளப் ஆறு பேரைத்தான் அனுப்பலாம், ஆறு பேரைத்தான் எடுக்கலாம். கிளப்பே வளர்த்த இளம் ஆட்டக்காரர்களுக்கு விலக்கு உண்டு.

எங்கள் பையன் விஷயத்தில் லோன் சரிப்படாது. விடியற்காலை மார்க்கெட், அப்புறம் குடியாத்தம் பஸ், திரும்பி வந்து கல்லூரி என்றால் இருக்கிற நான்கு மணி நேரத் தூக்கமும் போகும்.

அந்த ஸ்டாப்பர் வந்தால் ஜெயிப்போமே? தோற்றுக்கொண்டே இருப்பதா?

இது நியாயமான கேள்வி. இதை எளிதாகத் தள்ள நான் தயாரில்லை. பட்டியலில் கடைசிக்கு ஒரு படி மேலே நிற்கிறோம். அவர் வந்தால் இந்த சீசனில் நாம் வாங்கும் கோல் குறையும், சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு 29 வயது. இரண்டு, மூன்று சீசன் ஆடுவார். அப்புறம் மறுபடி ஓட்டை. பையனுக்கு 18. இன்னொன்றையும் யோசியுங்கள். நம் மைதானத்தில் காலையில் நாற்பது சின்னப் பிள்ளைகள் ஆடுகின்றன. ஒன்பது ஆட்டம் சரியில்லை என்றால் அண்ணனையே மாற்றிக்கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தால், எந்தப் பிள்ளை துணிந்து ஷாட் அடிக்கும்? தப்பாகிவிடுமோ என்று பந்தைப் பக்கத்தில் தட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும்.

பையனைத் தராமல் ஸ்டாப்பரை மட்டும் கேட்டுப் பார்த்தோம். முடியாது என்றுவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். எங்கள் லெஃப்ட் பேக்கை ஸ்டாப்பராக மாற்றி ஆடினோம், அந்த ஆட்டம் 3-1 என்று தோற்றோம்.

அவன் பெரிய ஆளாகி வேறு கிளப்புக்குப் போனால் நமக்குப் பணம் வருமா?

வரலாம், பதிவு சரியாக இருந்தால். ஃபிஃபா விதிப்படி, நாடு விட்டு நாடு ஓர் ஆட்டக்காரர் விலைக்குப் போகும்போது அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிகிறது. 12 முதல் 15 வரை வருஷத்துக்கு 0.25 சதவீதம், அதன் பிறகு வருஷத்துக்கு 0.5. நம் கிளப்புக்கு அது நடக்குமோ நடக்காதோ, ஒவ்வொரு பிள்ளையையும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பதிவு முறையில் ஒழுங்காகப் பதிந்துவிடுங்கள். பதிவில் இல்லாத வருஷம் கணக்கில் வராது. ஆனால் பணத்துக்காக ஒருவனை வைத்துக்கொள்ள வேண்டாம்.

"இதில் வேலை கிடைக்குமா?" என்று அவன் அம்மா கேட்கிறார். என்ன சொன்னீர்கள்?

உண்மையைச் சொன்னேன். ரயில்வே, போலீஸ் மாதிரி துறைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுக்கிறார்கள். அதற்கு மாவட்ட லீக் போதாது, மாநில அணி, பல்கலைக்கழக அணி என்று மேலே ஆடியிருக்க வேண்டும். அவன் கல்லூரி திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகலாம், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஆனால் பட்டப்படிப்பை விட்டுவிட்டுப் பந்தை நம்பச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். அந்த அம்மா, "படிப்பையும் விடாம ஆடட்டும் சார், நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். 'பாத்துக்குங்க' என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே இரண்டாம் கமிட்டிக் கூட்டத்தில் குரலை உயர்த்திப் பேசினேன்.

கடைசியில் பையனிடம் கேட்டீர்களா?

கேட்டோம். நான் வாய் திறப்பதற்குள் அவனே கேட்டான்: "இன்னாண்ணா, என்னை அனுப்பிடப் போறீங்களா?"

"நீ போகணும்னு நினைக்கிறியா?"

"எனக்கு ஆடணும்ணா. எங்கன்னாலும் பரவால்ல. பெஞ்ச்ல மட்டும் உக்கார வெச்சிடாதீங்க."

இதே மாதிரி உங்கள் கிளப்பில் பேச வேண்டி வந்தால், மைதானத்தில் எல்லோர் எதிரிலும் பேசாதீர்கள். தோல்விக்கு மறுநாள் பேசாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, என்ன பார்த்தீர்களோ அதைச் சொல்லுங்கள். நான் அவனிடம் நோட்டைக் காட்டினேன். பதினொன்று, மூன்று என்ற எண்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பாக்கறேன்னுதான்ணா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான்.

சரி, என்ன முடிவு?

வைத்துக்கொள்வது என்று முடிவு. சும்மா 'இருக்கட்டும்' என்று விடவில்லை. கமிட்டி உறுப்பினர் ஒருவரின் மருந்துக் கடையில் சாயங்காலம் 6 முதல் 9 வரை வேலை. மார்க்கெட் கூலியைவிடக் குறைவுதான். அந்தக் குறையை ஐந்து பேர் சேர்ந்து மாதாமாதம் போடுகிறோம். அதில் முட்டைக்கும் பாலுக்கும் தனியாக ஒரு தொகை. பயிற்சி நான்கு நாள் மூன்றாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு முழு ஆட்டம் கிடையாது, இரண்டாம் பாதியில் 35 நிமிஷம். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்த 35 நிமிஷம் நிச்சயம், தோற்றுக்கொண்டிருந்தாலும் நிச்சயம். முன்னால் தனியாக நிற்காமல் பக்கத்தில் இன்னொருவனும் ஆடுகிறான். சீசன் முடிந்ததும் அவனையும் உட்காரவைத்துக்கொண்டு மறுபடி பேசுவோம். அப்போது அவன் போகிறேன் என்றால் தடுக்க மாட்டோம், எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது எப்படி ஆடுகிறான்?

போன ஞாயிறு காட்பாடி அணியோடு 1-1. அவன் கோல் போடவில்லை. எங்கள் கோலுக்கு வழி விட்டவன் அவன்தான். ஸ்டாப்பர் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தொடாமல் காலுக்கு நடுவே பந்தை விட்டான், பின்னால் வந்தவன் அடித்தான். தலையைத் திருப்பிப் பார்த்தது 35 நிமிஷத்துக்கு 21 தடவை என்று நோட்டில் குறித்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு குடியாத்தம் அணியோடு ஆட்டம். அந்த ஸ்டாப்பர்தான் இவனை மார்க் பண்ணப் போகிறார். காலை 7 மணிக்கு ஆரம்பம், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். வாருங்கள்.